குருமடத்துக்குப் போகும் முன்: குமரி மாவட்டத் தம்பிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

என் தம்பி குருமடத்துக்கு, அதாவது கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி பெறும் இடத்துக்கு, போனபோது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. என்ன சான்றிதழ் வேண்டும், எத்தனை வருடம், இடையில் வீட்டுக்கு வரலாமா, வேண்டாம் என்று தோன்றினால் திரும்பலாமா, எல்லாவற்றையும் போகப்போகத்தான் கற்றுக்கொண்டோம். இன்று அவர் குருவாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரைப் பங்கில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவிலும் அதன் மக்களும்) மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு பையனாவது, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வாசலில் தயங்கி நிற்பான். "டீச்சர், ஒரு காரியம் கேக்கணும்" என்பான். என்ன காரியம் என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும். அவனிடமும் அவன் அம்மா அப்பாவிடமும் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோயாளி வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பீடத்தில் நிற்கும் குருவைப் பார்த்துத்தான் பெரும்பாலான பையன்களுக்கு ஆசை வருகிறது. வெள்ளை அங்கி, தூபம், ஊரே முழங்காலில் இருக்கும் அந்த நேரம். அந்த ஆசை நல்லதுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பங்குத்தந்தை ஒரு நாளில் பீடத்தில் நிற்பது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். மீதி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்த பிறகும் அந்த ஆசை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் தம்பி பத்தாம் வகுப்பில் பீடச்சிறுவன். ஒரு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோன பங்குத்தந்தையோடு மெழுகுதிரி பிடித்துக்கொண்டு போனான். கடைசி வீடு, காலமெல்லாம் கரமடி இழுத்துக் கை காய்த்துப்போன ஒரு தாத்தாவின் வீடு. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஃபாதர் நற்கருணையை நகத்தளவு பிட்டு, ஒரு கரண்டித் தண்ணீரோடு வாயில் வைத்தார். தாத்தாவால் விழுங்க முடியவில்லை. வாயோரம் தண்ணீர் வழிந்தது. ஃபாதர் தன் கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி ஒரு கரண்டி, மறுபடி துடைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாத்தாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தம்பி சொன்னான்: "அது இறங்குற வரைக்கும் ஃபாதர் எழும்பவே இல்லக்கா. வெளிய அவருக்கு ஆளு காத்து நின்னுது."

அவன் அழைத்தல், அதாவது குருவாகக் கடவுள் கூப்பிடுகிறார் என்ற உணர்வு, எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் நான் அந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

அதனால் முதல் படி இது. பங்குத்தந்தையிடம் கேட்டு, ஆறு மாதமாவது முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளைச் சந்திக்கப் போங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழை வீடுகளுக்குப் போகும்போது கூடப் போய்ப் பை தூக்குங்கள். உங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழு) ஒரு சாவு விழுந்தால், முந்திய ராத்திரி போய் உட்காருங்கள், நாற்காலி போடுங்கள், அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து கூட்டம் கலைந்த பிறகும் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போங்கள். போகப் பிடிக்கிறதா, கடமைக்குப் போகிறீர்களா, திரும்பி வந்ததும் மனசு எப்படி இருக்கிறது, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் குருமடத்தில் "ஏன் வந்தாய்?" என்று கேட்பார்கள். அந்த நோட்டுதான் பதில்.

இது என் சொந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். தூய சவேரியார் இந்தத் தென்கடற்கரையில் கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். நோயாளிகள் கூப்பிட்ட எல்லா வீட்டுக்கும் தன்னால் போக முடியாதபோது, ஜெபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பியதாக 1544-இல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தன் கை ஓய்ந்துபோவதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். டிசம்பர் 3-ஆம் தேதி நம் மாவட்டத்துக்கே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறோமே, அந்தப் புனிதர் நோயாளி வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகளை நம்பி அனுப்பியவர்.

நம் கடற்கரையில் பங்குத்தந்தை என்றால் என்ன என்பதை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எல்லோரும் பார்த்தோம். கடலுக்குப் போனவர்கள் யார், எந்த வள்ளத்தில், எத்தனை பேர் திரும்பவில்லை என்று வீடு வீடாகக் கேட்டுப் பெயர்ப்பட்டியல் எடுத்ததில் பங்குத்தந்தையர்கள் முன்னால் நின்றார்கள். அந்த நாட்களில் ஒரு குருவிடம் ஊர் கேட்டது பிரசங்கத்தை அல்ல. "எம் மாப்பிள்ளை பேரு லிஸ்ட்ல எழுதிட்டீங்களா ஃபாதர்" என்று ஒரு பெண் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு எந்தப் புத்தகத்திலும் பாடம் கிடையாது.

உங்கள் பங்கு எந்த மறைமாவட்டம்?

ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பங்குகள் சேர்ந்ததுதான் மறைமாவட்டம். எது உங்களுடையது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் குமரியில் இது பலரைக் குழப்புகிறது. இங்கே கத்தோலிக்கர்களிடையே மூன்று வழிபாட்டு முறைகள் உண்டு. இலத்தீன் வழிபாட்டு முறையில் கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் மேற்குப் பகுதியைப் பிரித்து 2014 டிசம்பரில் குழித்துறை மறைமாவட்டத்தை உண்டாக்கினார்கள். தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரைப் பங்குகள் நம் மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இது தவிர, சீரோ மலங்கரை முறையில் மார்த்தாண்டம், சீரோ மலபார் முறையில் தக்கலை என்று 1996-இல் வந்த இரண்டு மறைமாவட்டங்கள் உண்டு. ஆக, ஒரே பஸ்ஸில் போகும் மூன்று பையன்கள் மூன்று வெவ்வேறு ஆயர்களிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். திருமுழுக்குச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

அடுத்தது, மறைமாவட்டக் குருவா துறவறக் குருவா? மறைமாவட்டக் குரு தன் ஆயரின் கீழ், பெரும்பாலும் தன் மறைமாவட்டப் பங்குகளிலேயே பணி செய்வார். மணமின்றி வாழ்வதற்கும் ஆயருக்குக் கீழ்ப்படிவதற்கும் வாக்குக் கொடுப்பார். இயேசு சபை, சலேசிய சபை, கப்புச்சின் சபை போன்றவற்றில் சேர்பவர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுத்து, குழுவாக வாழ்ந்து, சபை அனுப்பும் இடத்துக்குப் போவார். பள்ளிக்கூடம், தெருப்பிள்ளைகள், தியான இல்லம் என்று ஒவ்வொரு சபைக்கும் ஒரு மணம் இருக்கும். எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். ஊர்க்காரரோடு ஊர்க்காரராக இருக்கத்தான் மனசு இழுக்கிறது என்றால் மறைமாவட்டத்தை முதலில் யோசியுங்கள் என்பது என் கருத்து.

யாரிடம் சொல்வது

முதலில் பங்குத்தந்தையிடம். அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் பங்கில் உள்ள அருட்சகோதரியிடமோ மறைக்கல்வி ஆசிரியரிடமோ சொல்லுங்கள், அவர்கள் கூட்டிப்போவார்கள். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இறையழைத்தலுக்கு என்றே ஒரு குரு பொறுப்பில் இருப்பார். பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் பெரும்பாலும் இறையழைத்தல் முகாம் நடத்துவார்கள். பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது நல்லாயன் ஞாயிறு, 1964-இலிருந்து உலகமெங்கும் இறையழைத்தலுக்காக மன்றாடும் நாள். அன்று பூசை முடிந்து அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள், முகாம் தேதி அதில் வரக்கூடும்.

முகாமுக்குப் போவதால் எதற்கும் கையெழுத்துப் போட்டதாக ஆகாது. இரண்டு மாற்றுடை, பைபிள், ஒரு நோட்டு போதும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, மாதம் ஒரு தடவையாவது மனம்விட்டுப் பேச ஒரு ஆன்மகுருவைத் தேடிக்கொள்ளுங்கள். கோபம், காதல் நினைவு, படிப்பில் பின்தங்கியது, வீட்டில் குடி, எதுவானாலும் அவரிடம் மறைக்காதீர்கள். ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது என்பதற்காக அழைத்தல் இல்லை என்று ஆகிவிடாது. மணவாழ்வை நல்லது என்று மதித்து, அதை விரும்பக்கூடிய மனசோடேயே அதை விட்டுக்கொடுப்பதுதான் குருவின் துறவு. பெண்களை வெறுத்தோ பயந்தோ குருமடத்துக்கு ஓடுவது வேறு. அது பின்னால் அவரையும் உடைக்கும், மக்களையும் காயப்படுத்தும்.

வீட்டில் பேசுவது

இதுதான் கஷ்டமான படி. எங்கள் அப்பா இரண்டு மாதம் தம்பியிடம் பேசவில்லை. ஒரே ஆண்பிள்ளை, வள்ளத்துக்கு வாங்கிய கடன் பாதி கிடந்தது, நான் கல்யாணத்துக்கு நின்றேன். அப்பா பக்கமும் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கடைசியில் அம்மாதான் பேசினார். "மக்களே, நீ போறது எங்களை விட்டு ஓடவா, இல்ல எங்களையும் சேத்துக்கிட்டுப் போகவா?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. மறுநாள் வங்கிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கடன் எவ்வளவு, அதை எப்படி அடைக்கப்போகிறோம் என்று கேட்டான். அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

ஆகவே தம்பி, வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். உங்கள் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிகிறது என்றால் அவசரப்பட வேண்டாம். பட்டப்படிப்பு முடித்து, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்கிறவர்களும் உண்டு. பணமில்லாத வீடு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பையனைத் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நிலைமையை உள்ளபடி பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது "பிழைத்தால் சாமியாருக்கு விடுகிறேன்" என்று நேர்ந்துகொண்ட அம்மாக்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நேர்ச்சை உங்களுடையது. பிள்ளை அதைச் சுமக்க வேண்டியதில்லை. யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் குருத்துவத்துக்கு வற்புறுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. தகுதியுள்ள ஒருவரைத் தடுப்பதும் அந்தச் சட்டப்படி தவறு. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அம்மாவின் நேர்ச்சைக்காகவே ஐந்து வருடம் உள்ளே இருந்தான். அந்த ஐந்து வருடமும் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

காகிதங்களும் நேர்காணலும்

திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்கள், பெற்றோரின் ஆலயத் திருமணச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பங்குத்தந்தையின் கடிதம், மருத்துவச் சான்று, இவைதான் பொதுவாகக் கேட்கப்படுபவை. திருமுழுக்குப் பதிவில் பெயரின் எழுத்தும் பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்தும் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். எங்களுக்கு அதில் ஒரு மாதம் போனது.

நேர்காணலில் பைபிள் கேள்விகளைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். மனநல ஆலோசகரிடமும் பேசச் சொல்லலாம். சிறுபிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், தனிமையை எப்படித் தாங்குவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நாளைக்கு உங்களை நம்பி ஒரு ஊரே தன் பிள்ளைகளை அனுப்பப்போகிறது.

வருடக் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேர்கிற ஒருவர் குருவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். முதலில் ஆயத்தக் காலம். ஜெபிக்க, தன் துணியைத் தானே துவைக்க, பிறரோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொள்ளும் காலம் அது. அப்புறம் மெய்யியல், அப்புறம் இறையியல். சட்டப்படி மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு வருடம், அதில் இறையியல் மட்டும் நான்கு. இவற்றுக்கு நடுவே பட்டப்படிப்பும், பங்கிலோ பள்ளியிலோ தங்கிச் செய்யும் களப்பணியும் வரும். தமிழ்நாட்டில் திருச்சி தூய பவுல் குருமடம், கோவை நல்லாயன் குருமடம், பூந்தமல்லி திரு இருதயக் குருமடம் ஆகியவை பெயர்பெற்றவை. சிலரை பெங்களூருக்கும் புனேவுக்கும் அனுப்புவார்கள். எங்கே என்பதை ஆயர்தான் முடிவு செய்வார்.

இறையியல் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்த பையன்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். என் தம்பியும் முதல் வருடம் அழுதான். அவனுக்கு அவன் ஆன்மகுரு சொன்னது தூய ஜான் மரிய வியான்னியின் கதை. இலத்தீன் ஏறாமல் தடுமாறி, இவர் தேறுவாரா என்று மேலதிகாரிகளே யோசித்து, 1815-இல் 29 வயதில் குருவானவர். ஆர்ஸ் என்ற குக்கிராமத்தில் ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இன்றைக்குப் பங்குத்தந்தையர்களுக்கெல்லாம் அவர்தான் பாதுகாவலர். அதற்காகப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள், அவரும் விடாமல் படித்தவர்தான்.

இறையியல் காலத்தில் வாசகர், பீடத்துணைவர் என்ற பணிகள் தரப்படும். பிறகு குருப்பட்டத்துக்கு முந்திய படியான திருத்தொண்டர் பட்டம். அதற்குக் குறைந்தது 23 வயது, குருப்பட்டத்துக்கு 25. இரண்டுக்கும் இடையே ஆறு மாதமாவது இருக்க வேண்டும். மணமின்றி வாழும் வாக்குறுதி திருத்தொண்டர் பட்டத்தின்போதே கொடுக்கப்படுகிறது. ஆகவே உண்மையில் முடிவெடுக்கும் நாள் அதுதான். நம் ஆட்கள் குருப்பட்டத்துக்குத்தான் பஸ் பிடித்து வருவார்கள். வீட்டார் திருத்தொண்டர் பட்டத்துக்குத் தவறாமல் போய், அந்தச் சில வார்த்தைகளை அவர் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும்.

விடுமுறையில் வரும்போது அவரை ஊர் விருந்தாளியாக்கிவிடாதீர்கள். எங்கள் அம்மா முதல் விடுமுறையில் தம்பிக்குத் தனித்தட்டு வைத்து, உட்காரவைத்துப் பரிமாறினார். இரண்டாம் நாள் அவனே போய்க் குடம் எடுத்துத் தண்ணீர் பிடித்து வந்தான். திரும்பிப் போகும்போது ஒரு டின் முந்திரிக்கொத்து மட்டும் கொடுத்தனுப்பினோம். அறையில் இருந்த எல்லோருக்கும் போதுமான அளவுக்கு.

திரும்பி வந்தால்

எத்தனையோ பேர் இடையில் வந்துவிடுகிறார்கள். குருமட வருடங்கள் தேர்ந்து தெளியும் வருடங்கள்தான். "எனக்கு இது இல்லை" என்று தெளிந்து ஒருவர் வந்தால் அந்த வருடங்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்றுதான் பொருள். ஆனால் நம் ஊரில் சிலர் கேட்கும் கேள்வி இருக்கிறதே, "ஏம் வந்துட்டான், என்ன பண்ணினான்?" அதற்குப் பயந்து, அழைத்தல் இல்லை என்று தெரிந்தும் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. பெற்றோரே, முதல் நாள் பஸ் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள்: "வேண்டாம்னு தோணினா வந்துரு மக்களே, வீடு திறந்துதான் கிடக்கும்." இதைச் சொன்னால் பிள்ளை ஓடி வந்துவிடுவான் என்று பயப்படாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவன்தான் மனசார அங்கே இருப்பான்.

அப்படித் திரும்பிய பையன்களை நான் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குக் கூட்டிப்போவேன். 1752 ஜனவரி 14-ஆம் தேதி தேவசகாயம் அங்கேதான் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-ஆம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்ட அவர் நட்டாலத்துக்காரர், மணமானவர், அரசு வேலை பார்த்தவர். குருப்பட்டம் பெற்றவர் அல்ல. பையன்களிடம் நான் எதுவும் விளக்குவதில்லை. பாறை மேல் ஏறிக் காற்றில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

அருட்பொழிவு நாள்

குருப்பட்டத்துக்கு முன் அவர் ஐந்து நாட்களாவது தியானத்தில் இருப்பார், அப்போது போன் செய்யாதீர்கள். அவர் பெயரைச் சொந்தப் பங்கில் அறிவித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லும்படி கேட்பார்கள். அதைக் கேட்டுச் சில அம்மாக்கள் பதறுகிறார்கள். திருமண ஓலை வாசிப்பது மாதிரிதான், முறைப்படி செய்வது.

அன்றைக்கு ஒலிபெருக்கியும் பந்தலும் விருந்தும் பெரிதாகிவிடும். செலவைக் குறையுங்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். கடன் வாங்கிப் புதுக்குருவுக்கு வண்டி வாங்கிக்கொடுப்பதெல்லாம் வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அவர் தரையில் முகம் குப்புற, நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்க, எல்லோரும் புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடுவார்கள். அப்புறம் ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் தலைமேல் கை வைப்பார். வந்திருக்கும் குருக்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து அப்படியே கை வைப்பார்கள். கோவிலே மூச்சடங்கி நிற்கும் அந்த நேரத்தில் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். பிறகு உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசுவார் ஆயர். எங்கள் அப்பா, இரண்டு மாதம் பேசாமல் இருந்தவர், முடிந்ததும் அந்த உள்ளங்கைகளைப் பிடித்து முத்தமிட்டார். தைல வாசம் போய்விடும் என்று சாயங்காலம் வரை முகம் கழுவவில்லை.

முதல் நன்றித் திருப்பலியும் முடிந்து, பந்தல்காரர் கம்புகளைப் பிரிக்கும்போது புதுக்குரு பேயாய்க் களைத்திருப்பார். ஆசீர் வாங்க இன்னும் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். "நாளைக்கு வாருங்க" என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். உள்ளே கூப்பிட்டு, மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வையுங்கள். அவரைத் தூங்க விடுங்கள். நியமனக் கடிதம் வரும், அடுத்த வாரமே ஏதோ ஒரு ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டுவார்கள்.